முன் இடது சக்கரத்தின் பத்து நட்டுகள்

பேருந்துப் பணிமனையில் தம்பிக்கு முதலில் வைத்த பெயர் 'எங்கே'. காலையில் உள்ளே நுழைந்ததும் அவன் வாயிலிருந்து வரும் முதல் சொல் அதுதான். என் ஸ்பேனர் எங்கே, என் துணி எங்கே, இப்ப இங்க வெச்ச நட்டு எங்கே. ஒருநாள் தலையில் தொப்பியோடு தொப்பியைத் தேடினான். பெட்டிகள் மேல் உட்கார்ந்திருந்த மூன்று பேரை எழுப்பிவிட்டு மூன்று பெட்டிகளையும் திறந்து பார்த்தான். மூவரும் வாயைத் திறக்கவில்லை. எவ்வளவு நேரம் தேடுவான் என்று பார்க்க அவர்களுக்கும் ஆசை.

அதற்கு முன்னால் அவன் குளிர்சாதனப் பெட்டி விற்கும் கடை ஒன்றில் இருந்தான். சாயங்காலம் கடையின் இரும்புக் கதவை இறக்கிப் பூட்டுவது அவன் வேலை. பூட்டுவான். பூட்டிவிட்டுச் சாவியைப் பூட்டிலேயே தொங்கவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவான். முதல் முறை முதலாளி சிரித்தார். இரண்டாம் முறை சிரிக்கவில்லை. அப்படித்தான் இருபத்தெட்டாவது வயதில் வேலையில்லாமல், ஒரு பையும் வெவ்வேறு ஜோடியைச் சேர்ந்த இரண்டு செருப்புமாக, அக்கா வீட்டு மாடி அறைக்கு வந்து சேர்ந்தான்.

அக்கா சட்டை தைக்கும் தொழிற்சாலையில் கடைசி மேசையில் இருந்தாள். தைத்து முடித்த சட்டை பெட்டிக்குள் போவதற்கு முன் அவள் கையைத் தாண்டியாக வேண்டும். காலர், வலது கை, இடது கை, பட்டன், பை, கீழ் மடிப்பு. இந்த ஆறும், இதே வரிசையில். இருபத்திரண்டு வருடத்தில் அவள் மேசையைத் தாண்டிய சட்டை ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. இதை அவளே யாரிடமும் சொல்லமாட்டாள். ஆனால் யாராவது சொன்னால் மறுக்கவும் மாட்டாள்.

தம்பி வந்த மறுநாளே அவனை மாடிப்படியில் உட்கார வைத்தாள்.

"உனக்கு மறதி இல்லைடா. உன் சாமானுக்கு இடம் இல்லை, அதான் விஷயம். எதையும் வெச்ச இடத்துல வெக்கிறதே கிடையாது நீ."

"வெச்ச இடம் தெரிஞ்சா வெக்க மாட்டேனாக்கா?"

"வாய் மட்டும் எங்கேயும் தொலையாது உனக்கு. கேளு. மாசத்துக்கு ஒரு பழக்கம். ஒண்ணே ஒண்ணு. அது கைக்கு வந்த பிறகுதான் அடுத்தது."

அக்காவின் கணவர் கீழிருந்து குரல் கொடுத்தார். "மச்சான், ஜாக்கிரதை! ஈரத் துண்டைக் கட்டில்ல போடாதீங்கன்னு எனக்கு இருபது வருஷமா பாடம் நடக்குது. இன்னும் முதல் மாசமே முடியலை."

"அத்தான், எனக்கு எத்தனை மாசம் ஆகும்?"

"உங்க அக்காவுக்குப் பொறுமை எவ்வளவு இருக்கோ அவ்வளவு."

முதல் மாதம் சாவி. வாசல் கதவுக்குப் பக்கத்தில் அக்கா நான்கு கொக்கிகள் அடித்தாள். இரண்டாவது கொக்கி தம்பியுடையது. ஆறாம் நாள் அவன் சாவியைச் சரியாகக் கொக்கியில் மாட்டிவிட்டு, கதவை விரியத் திறந்து போட்டுவிட்டு மேலே போய்ப் படுத்துவிட்டான். அக்கா திட்டவில்லை. "சாவி மாட்டினியா? மாட்டினே. இந்த மாசத்துக் கணக்கு அதோட சரி" என்று சொல்லித் தானே கதவைப் பூட்டினாள். இரண்டாம் மாதம், எதைத் திறந்தாலும் உடனே மூடுவது. அது கதவுக்கும் பொருந்தும், பேனாவுக்கும் பொருந்தும், எண்ணெய்ப் புட்டிக்கும் பொருந்தும். மூன்றாம் மாதம் ஒரு வேலையை எப்போதும் ஒரே வரிசையில் செய்வது. அவன் அதில் தடுமாறினான், நான்கு மாதம் அங்கேயே நின்றான். ஏழாம் மாதம் ஒரு காலையில் சட்டை, கைக்குட்டை, கடிகாரம், சாவி, சாப்பாட்டு டப்பா என்று ஒன்றுகூட விடாமல் எடுத்துக்கொண்டு அவன் படி இறங்கினான். அக்கா அடுப்பைப் பார்த்தபடி, ஒன்றும் கவனிக்காதவள் போல நின்றாள். அவன் தெருமுனை திரும்பியதும் பக்கத்து வீட்டுக்குப் போய் அதைச் சொல்லிவிட்டு வந்தாள்.

இதற்கிடையில் பணிமனையில் சக்கரப் பகுதியில் அவனுக்கு வேலை கிடைத்தது. பழைய பழக்கம் மிச்சம் இருந்ததால் 'எங்கே' என்ற பெயரும் அங்கே கிடைத்தது. ஆனால் ஒன்றரை வருடத்தில் அந்தப் பெயர் உதிர்ந்துவிட்டது. அவன் பலகையில் ஒவ்வொரு ஸ்பேனரின் வடிவத்தையும் சுற்றிச் சாயத்தால் கோடு வரைந்து வைத்தான். ஒன்று குறைந்தால் பலகையில் அதன் நிழல் மட்டும் தெரியும். இப்போது எல்லாரும் அவனைக் 'கடிகாரம்' என்றார்கள்.

சக்கர வேலை பார்ப்பதற்கு எளிது. பேருந்தின் முன் சக்கரத்துக்குப் பத்து நட்டுகள். முதலில் காற்றில் ஓடும் துப்பாக்கியால் பத்தையும் இறுக்கிவிடுவார்கள். அது வேகமான இறுக்கம், நம்பக் கூடாத இறுக்கம். அதற்குப் பிறகுதான் ஒரு ஆள் கை நீளத்துக்கு இருக்கும் பெரிய ஸ்பேனரை எடுத்து முடுக்குவார்கள். அதற்கு வேறு ஏதோ பெயர் உண்டு, பணிமனையில் அதை 'டக் ஸ்பேனர்' என்பார்கள். போதுமான அளவு நட்டு இறுகியதும் அது கைக்குள் 'டக்' என்று ஒரு அடி அடிக்கும். அந்தச் சத்தம் கேட்டதும் நட்டிலிருந்து சக்கரம் வரை ஒரு வெள்ளைக் கோடு இழுக்க வேண்டும். நட்டு தளர்ந்தால் கோடு உடையும், தூரத்திலிருந்தே தெரிந்துவிடும். டக், கோடு. டக், கோடு. எதிரெதிர் நட்டாகப் பத்து முறை. அக்காவின் ஆறு இடங்களைப் போலத்தான் இதுவும் என்று தம்பி முதல் நாளே புரிந்துகொண்டான்.

ஒன்று மட்டும் அவனுக்குப் புரியவில்லை. பழக்கம் கூடக்கூட நாட்கள் காணாமல் போயின. முன்பு சாமான்கள் தொலைந்தன, இப்போது சாமான்கள் எல்லாம் இருந்தன, காலைகள் தொலைந்தன. வீட்டிலிருந்து இறங்கியது தெரியும், பணிமனைக் கதவு தெரியும், நடுவில் இருந்த இருபது நிமிடத் தெரு எங்கே போனது என்று தெரியாது.

"வழி ஞாபகமே இல்லைக்கா. எந்தப் பக்கமா வந்தேன்னுகூடத் தெரியலை."

"வந்து சேர்ந்தியா?"

"சேர்ந்தேன்."

"அப்ப நல்லதுதான். பழக்கம் உள்ளே இறங்கிடுச்சுன்னு அர்த்தம்."

அக்கா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டான்.

மூன்றாவது வருடம் சக்கரப் பகுதிப் பொறுப்பாளர் வேறு பணிமனைக்கு மாறிப் போனார். அந்த இடத்துக்குத் தம்பியின் பெயரும் அடுத்த மேடையில் சிறிய வண்டிகளைப் பார்ப்பவரின் பெயரும் அடிபட்டன. அவர் அசைந்து அசைந்து வேலை செய்வதால் எல்லாரும் அவரை 'வேகம்' என்று கூப்பிட்டார்கள். மேனேஜர் அம்மா வெள்ளிக்கிழமை முடிவு சொல்வதாக இருந்தார். அக்கா வெள்ளிக்கிழமைவரை காத்திருக்கவில்லை. பெரியம்மாவுக்கும் இரண்டு சித்திகளுக்கும், தொழிற்சாலையில் பட்டன் தைக்கும் வரிசை முழுவதற்கும் சொல்லிவிட்டாள்.

புதன்கிழமை காலை ஏழு மணிக்குத் தம்பி கை கழுவிக்கொண்டிருந்தான். அன்று ஐந்து மணிக்கு வந்ததிலிருந்து நான்கு சக்கரங்கள் முடித்திருந்தான். கடைசிச் சக்கரம் பள்ளத்துச் சாலைப் பேருந்தின் முன் இடது சக்கரம். இரவு பஞ்சராகி நின்ற வண்டி அது. டயரை மாற்றிக் கொடுத்தான், ஆறே முக்காலுக்கு வண்டி கிளம்பிவிட்டது. பள்ளிக்கூடப் பிள்ளைகளும் வேலைக்குப் போகிறவர்களுமாக எப்போதும் ஐம்பது பேருக்குக் குறையாத வண்டி. நகரத்தைத் தாண்டியதும் பதினோரு வளைவு உள்ள ஒரே இறக்கம்.

கையைத் துடைத்தபடி பலகையைப் பார்த்தான். டக் ஸ்பேனர் இருக்க வேண்டிய இடத்தில் அதன் நிழல் மட்டும் இருந்தது.

ஸ்பேனர் அடுத்த மேடையில் வேகத்தின் காலடியில் கிடந்தது.

"அண்ணே, இதை எப்ப எடுத்தீங்க?"

வேகம் கொஞ்ச நேரம் யோசித்தார். அவர் யோசிப்பதும் அதே வேகம்தான். "விடியக்காலைல எடுத்தேன். நீ வந்து கேட்டே. குடுத்தேன். திரும்ப எடுத்தேன்."

"நான் வந்து கேட்டது பள்ளத்து வண்டிக்கா, அதுக்கு முந்தின வண்டிக்கா?"

"கேட்டே. அவ்வளவுதான் தெரியும். உன் மூஞ்சியப் பார்த்தா எந்த வண்டின்னு எழுதியா இருக்கு?"

தம்பி பலகையை மறுபடி பார்த்தான். கண்ணை மூடிக்கொண்டான். ஒரு காட்சி தெரிந்தது. சாய டப்பா திறந்திருக்கிறது. கையில் ஸ்பேனர் இல்லை. டப்பாவைத் திறந்து வைத்தால் காய்ந்து போகும், திறந்ததை உடனே மூட வேண்டும். அதனால் முதலில் பத்துக் கோட்டையும் வரிசையாக இழுத்துவிட்டு டப்பாவை மூடுகிறான். ஸ்பேனர் வந்ததும் முடுக்கிக்கொள்ளலாம் என்று நினைக்கிறான். டக் என்ற சத்தம் ஒன்றுகூட இல்லாமல் பத்து வெள்ளைக் கோடுகள்.

அது நிச்சயம் நடந்தது. ஆனால் எப்போது நடந்தது? இன்றைக்கா, நேற்றா, போன வாரமா? இன்றைக்குத்தான் என்றால் எந்தச் சக்கரத்தில்? கோடு போட்ட பிறகு ஸ்பேனரை வாங்கி வந்து முடுக்கினானா, இல்லை கோட்டைப் பார்த்து முடித்துவிட்டோம் என்று கை துடைத்துக்கொண்டானா? ஆயிரம் சக்கரங்கள் ஒரே அச்சில் வார்த்தது போல மனதில் வரிசையாக நின்றன. ஒன்றிலும் தேதி இல்லை.

"அண்ணே, நான் பள்ளத்து வண்டியை முடுக்கினேனா?"

"என்னைக் கேக்குறியா? கடிகாரமே மணி கேக்குதா?" வேகம் சிரித்தார். பிறகு அவன் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். "கோடு போட்டிருக்கியா?"

"போட்டிருக்கேன்."

"கோடு இருந்தா முடுக்கியாச்சுன்னு அர்த்தம். நீதானே எல்லாருக்கும் சொல்லுவே. பேசாம தேத்தண்ணி குடி."

தம்பி பேசாமல் இருந்து பார்த்தான். ஒரு நிமிடம் இருக்க முடிந்தது. வெள்ளிக்கிழமை ஞாபகம் வந்தது, அக்கா பெரியம்மாவிடம் தொலைபேசியில் பேசியதும் ஞாபகம் வந்தது. இதெல்லாம் மட்டும் எப்படி ஞாபகம் இருக்கிறது என்று அவனுக்கு ஆத்திரமாக வந்தது. முடுக்கியிருந்தால் இப்போது போய்ச் சொல்வது பைத்தியக்காரத்தனம். முடுக்காமல் இருந்தால் சொல்லாமல் இருப்பது... அந்த வாக்கியத்தை அவன் முடிக்கவில்லை. மேனேஜர் அறைக்கு ஓடினான்.

மேனேஜர் அம்மா கண்ணாடிச் சன்னலுக்குப் பின்னால் அன்றைய வண்டிப் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேடம், பள்ளத்து வண்டியை நிறுத்தணும்."

"என்னாச்சு?"

"முன் இடது சக்கரத்தை நான் முடுக்கினேனான்னு தெரியலை."

"கோடு?"

"கோடு இருக்கு மேடம்."

"அப்ப முடுக்கியிருக்கீங்க."

"அதுதான் தெரியலை மேடம்."

"சக்கரத்தை மாட்டினது யாரு?"

"நான்தான்."

"கோடு போட்டது?"

"அதுவும் நான்தான்."

"அப்ப முடுக்கினீங்களான்னு யாருக்குத் தெரியும்? வாட்ச்மேனுக்கா?"

"அதான் மேடம் எனக்கும் புரியலை."

மேனேஜர் அம்மா பேனாவை மூடினார். "இங்க பாருங்க. ஐம்பது பேரை நடுரோட்ல இறக்கணும். மேலிடத்துக்குப் பதில் சொல்லணும். நான் சொல்ற பதில்ல ஒரு காரணம் இருக்கணும். முடுக்கலைன்னு சொல்லுங்க, நிறுத்தறேன். முடுக்கினேன்னு சொல்லுங்க, விட்டுடறேன். ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

தம்பி வாயைத் திறந்தான். 'முடுக்கலை' என்று சொன்னால் வண்டி நிற்கும், ஆனால் அது உண்மையா என்று தெரியாது. 'முடுக்கினேன்' என்பதும் அப்படித்தான்.

"தெரியலை மேடம்" என்றான். "சத்தியமாத் தெரியலை. ஆனா நிறுத்திடுங்க."

அவர் அவனை ஒரு கணம் பார்த்துவிட்டுத் தொலைபேசியை எடுத்தார். ஓட்டுநரைக் கூப்பிட்டார். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. ஓட்டுநர் வண்டியில் ஏறியதும் தொலைபேசியை அணைத்துப் பைக்குள் போட்டுவிடும் நல்ல பழக்கம் உள்ளவர். "எல்லாருக்கும் இன்னிக்குத்தான் நல்ல பழக்கம்" என்று மேனேஜர் அம்மா முணுமுணுத்துவிட்டு, இறக்கம் தொடங்கும் இடத்தில் இருக்கும் பெட்ரோல் நிலையத்துக்குப் பேசினார். அங்கே ஒருவர் சாலையில் இறங்கிக் கையை ஆட்டி வண்டியை நிறுத்தினார். முதல் வளைவுக்கு நானூறு அடி முன்னால்.

தம்பி டக் ஸ்பேனரோடு உதவி வண்டியில் போய்ச் சேர்ந்தபோது பெட்ரோல் நிலையத்தின் நிழலில் மொத்தப் பயணிகளும் நின்றார்கள். ஒரு அம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி, "எங்க ஆபீஸ்ல கேட்டா உங்க போட்டோவைத்தான் காட்டணும்" என்றார். பிள்ளைகள் மட்டும் சந்தோஷமாக இருந்தார்கள். முதல் பாடவேளை பரீட்சையாம்.

ஓட்டுநர் சக்கரத்தின் பக்கத்தில் குந்தியிருந்தார். "கோடெல்லாம் ஒண்ணும் உடையலையே தம்பி. வழியில ஆட்டமும் இல்லை. என்ன விஷயம்?"

"பார்த்துட்டுச் சொல்றேண்ணே."

முதல் நட்டில் ஸ்பேனரை மாட்டி அழுத்தினான். டக். நகரவே இல்லை. எதிர் நட்டு. டக். மூன்றாவதிலிருந்து ஆறாவது வரை எல்லாம் டக். அவனுக்கு மூச்சு வந்தது. ஏழாவது நட்டு கொஞ்சம் நகர்ந்து, பிறகு டக் என்றது. வெள்ளைக் கோடு ஒரு நெல் அளவு பிளந்தது. எட்டு சரி. ஒன்பது சரி. பத்தாவது மறுபடியும் நகர்ந்தது.

"எட்டு டைட்டு, ரெண்டு லூசு" என்றார் ஓட்டுநர். "அப்ப முடுக்கினியா, முடுக்கலையா?"

தம்பி சக்கரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். புதிதாக மாட்டிய சக்கரம் கொஞ்ச தூரம் ஓடினால் ஒன்றிரண்டு நட்டுகள் உட்கார்ந்து இடம் கொடுக்கும். அதனால்தான் ஐம்பது கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி ஒரு முறை முடுக்கச் சொல்வார்கள். ஆக, இரண்டு நகர்ந்ததால் முடுக்கவில்லை என்று சொல்ல முடியாது. காற்றுத் துப்பாக்கியும் சில நாள் நன்றாகவே இறுக்கிவிடும். ஆக, எட்டு நகராததால் முடுக்கினான் என்றும் சொல்ல முடியாது. பத்து நட்டையும் சாட்சிக்குக் கூப்பிட்டாயிற்று, பத்தும் சேர்ந்து ஒன்றும் சொல்லவில்லை.

"தெரியலைண்ணே" என்றான்.

"அட, பார்த்த பிறகும் தெரியலையா?"

"பார்த்த பிறகு இன்னும் தெரியலை."

ஓட்டுநர் தலையைச் சொறிந்தார். "சரி, இப்ப டைட்டா?"

"இப்ப டைட்டு. இது தெரியும்."

"அது போதும் எனக்கு." அவர் ஆட்களை ஏற்றிக்கொண்டு கிளம்பினார். பிள்ளைகள் இருந்த சன்னல்களிலிருந்து பெருமூச்சு கேட்டது.

பணிமனையில் அறிக்கைத் தாள் காத்திருந்தது. அதில் இரண்டே கட்டங்கள். 'குறை காணப்பட்டது', 'குறை காணப்படவில்லை'. தம்பி முக்கால் மணி நேரம் அதன் முன் உட்கார்ந்திருந்தான். கடைசியில் இரண்டையும் விட்டுவிட்டுக் கீழே நடந்ததை நடந்தபடி எழுதினான். சாய டப்பாவையும் எழுதினான். மேனேஜர் அம்மா வாங்கிப் படித்துவிட்டு, "இதை எந்த ஃபைல்ல வெக்கறது?" என்று கேட்டார்.

சாயங்காலம் அக்கா எல்லாவற்றையும் கேட்டு முடித்தாள். நடுவில் குறுக்கிடவில்லை. அதுவே வழக்கத்துக்கு மாறு.

"கோடு இருந்துதுல்ல?" என்றாள் கடைசியில்.

"நீயுமாக்கா?"

"இல்லடா, நான் ஏன் கேக்குறேன்னா... மூடணும்னு நான் சொன்னதாலதான் கோட்டை முதல்ல போட்டியா?"

"உன்னைச் சொல்லலைக்கா. மூடினது சரிதான். ஒழுங்காச் செய்யறதும் சரிதான். எல்லாம் சரியாத்தான் இருக்கு. நான் மட்டும் அங்க இல்லை. கை பாட்டுக்குச் செய்யுது, நான் எங்கேயோ இருக்கேன்."

"முன்னாடி கையும் செய்யாது. அது பரவாயில்லையா?"

"அது தெரியலை."

அத்தான் தட்டிலிருந்து தலை நிமிர்ந்தார். "இன்னிக்கு இந்த வீட்டுல அந்த வார்த்தையை எத்தனை தடவை சொல்லியாச்சு?"

தம்பி அக்காவைப் பார்த்துக் கேட்டான்.

"நேத்து எத்தனை சட்டை பார்த்தேக்கா?"

"முந்நூத்துப் பன்னெண்டு."

"அதுல ஒரு சட்டை ஞாபகம் இருக்கா?"

"இருக்கே. நீலச் சட்டை ஒண்ணு. காலர்ல நூல் பிரிஞ்சிருந்துது. திருப்பி அனுப்பிச்சேன்."

"அது தப்பான சட்டை. நல்ல சட்டை ஒண்ணு சொல்லு. இடது கையைப் பார்த்தது ஞாபகம் இருக்கிற சட்டை."

அக்கா வாயைத் திறந்தாள். பிறகு எழுந்து, கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த தட்டு ஒன்றை எடுத்து மறுபடி கழுவினாள்.

"இருபத்திரண்டு வருஷம்டா" என்றாள் திரும்பாமல். "ஒண்ணுகூட வந்ததில்லை."

"அது தெரியும்க்கா. அதனாலதான் எனக்கு இன்னும் குழப்பமா இருக்கு."

வெள்ளிக்கிழமை மேனேஜர் அம்மா தம்பியைக் கூப்பிட்டார். பொறுப்பாளர் வேலை வேகத்துக்குப் போயிற்று என்று முதலில் சொன்னார். தம்பி தலையாட்டினான். பிறகு அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளிச் சாய்ந்துகொண்டார்.

"இத்தனை வருஷத்துல எத்தனையோ பேர் வந்து நின்னிருக்காங்க. நிச்சயமா செஞ்சேன் மேடம், நிச்சயமா நான் இல்லை மேடம். ஒருத்தர்கூடத் தெரியலைன்னு சொன்னதில்லை. உங்களை என்ன பண்றதுன்னு எனக்குப் பிடிபடலை. அதனால ஒண்ணு பண்றேன். இனிமே நீங்க எந்தச் சக்கரத்தையும் முடுக்க வேண்டாம். மத்தவங்க முடுக்கினதை நீங்க பார்க்கணும். நீங்க சரின்னு சொன்னாத்தான் வண்டி கேட்டைத் தாண்டணும்."

"மேடம், இது தண்டனையா, இல்லை..."

"யோசிச்சுச் சொல்றேன். திங்கக்கிழமைலேர்ந்து ஆரம்பிங்க."

வீட்டில் இதைச் சொன்னதும் அக்கா நாற்காலியில் உட்கார்ந்தாள். "பொறுப்பாளர் இல்லை. ஆனா பொறுப்பாளர் முடுக்கினாலும் நீ பார்க்கணும். அப்படித்தானே?"

"அப்படித்தான்."

"பெரியம்மாகிட்ட என்னன்னுடா சொல்றது?"

"இவர் சொல்லாம ஒரு வண்டி நகராதுன்னு சொல்லு" என்றார் அத்தான். "பெரிய ஆள்னு நெனைச்சுக்குவாங்க."

"பொய்யாயிடாதா?"

"அதுல எது பொய்?"

அக்கா யோசித்துப் பார்த்தாள். பொய் எதுவும் அகப்படவில்லை. ஆனாலும் அன்று தொலைபேசியை எடுக்கவில்லை. சனிக்கிழமை எடுத்தாள். அவன் வண்டியை நிறுத்தின கதையை முழுவதும் சொன்னாள், பதவியைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

திங்கட்கிழமை காலை தம்பி மேடைக்குப் போனபோது கையை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை. நான்கு வண்டிகள் வரிசையில் நின்றன. அவன் ஒவ்வொரு நட்டாகப் பார்த்தான். நான்காவது நட்டில் மனம் வேறெங்கோ போய்விட்டதைக் கவனித்து, முதலிலிருந்து ஆரம்பித்தான். இரண்டாவது வண்டியில் ஏழாவது நட்டில் போயிற்று. மறுபடி முதலிலிருந்து. முதல் வண்டி எட்டு நிமிடம் தாமதம், இரண்டாவது வண்டி பதினைந்து. ஓட்டுநர்கள் ஹாரன் அடித்தார்கள்.

மூன்றாவது வண்டி வேகம் பார்த்தது. புதிய பொறுப்பாளராக அவர் சட்டைப் பையில் பேனா குத்தியிருந்தார். பத்து நட்டிலும் வெள்ளைக் கோடு பளிச்சென்று இருந்தது.

"எல்லாம் டைட்டு. கையெழுத்துப் போடு கடிகாரம், வண்டி போகட்டும்."

தம்பி குனிந்து பார்த்தான். நிமிர்ந்தான்.

"அண்ணே, முடுக்கினது ஞாபகம் இருக்கா?"

"என்ன கேள்வி இது? கோடு இருக்கு பாரு."

"கோடு இருக்கு. முடுக்கினது ஞாபகம் இருக்கா?"

வேகம் பதில் சொல்ல வாயைத் திறந்தார். சக்கரத்தைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார், பிறகு கூரையில் எதையோ தேடுவது போல அண்ணாந்து பார்த்தார். ஓட்டுநர் ஹாரனில் கையை வைத்து எடுக்கவே இல்லை.

"எழவு" என்றார் வேகம், சின்னக் குரலில். "அந்த ஸ்பேனரை எடு."